கணக்கு எங்கே இருக்கிறது? – வணிகர்களுக்கான கணிப்பொறிப் பாடம்

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். ஆகவே கடனை எழுதி வைத்தோம். முதலில் சிட்டையில் எழுதினோம், பிறகு பேரேட்டில் எழுதினோம், இன்று கணிப்பொறியில் எழுதுகிறோம். பேரேடு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பது கடையில் உள்ள சிறுவனுக்கும் தெரியும். கணிப்பொறியில் எழுதிய கணக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரிவதில்லை. "கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது" என்போம். அந்தப் பதில் போதாது என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வின்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. எனவே கடைகளில் கணிப்பொறி மாற்றும் காலம் இது. பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்கு பில் போடும் புரோகிராமை மாற்றும்போதுதான் சங்கடம் தலைகாட்டுகிறது. செட்டப் ஓடி முடிகிறது, புரோகிராமும் திறக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் பட்டியல் காலியாக இருக்கிறது. சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நெல் அறுவடைக்கும் கரும்புப் பணத்திற்கும் காத்திருக்கும் நிலுவைகள் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அந்தப் பட்டியல் காலியானால் கடையின் முதலே காலியானது போலத்தான்.

இதில் பெரும்பாலும் கணக்கு அழிந்திருக்காது. புரோகிராம் வேறிடத்தில் தேடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஏன் அப்படித் தேடுகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பெயரா, பதவியா?

சங்கத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். உறையின் மேல் இன்றைய தலைவரின் பெயரையும் அவர் வீட்டுக் கதவு எண்ணையும் எழுதினால், நாளை வேறொருவர் தலைவரான பின்பும் கடிதம் பழையவர் வீட்டுக்கே போகும். "தலைவர், வணிகர் சங்கம்" என்று எழுதினால், கடிதம் வரும் நாளில் யார் தலைவரோ அவர் கைக்குப் போய்ச் சேரும்.

கணிப்பொறியிலும் இந்த இரண்டு முறைகள் உள்ளன. ஒரு ஃபைல் இருக்கும் விலாசத்திற்குப் பாதை என்று பெயர். முதலில் டிரைவின் எழுத்து, அதற்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், கடைசியில் ஃபைல் என்று மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் போல வரிசையாக வரும். சி:\கடை\கணக்கு\நிலுவை என்பது ஒரு பாதை. இதை அப்படியே புரோகிராமில் எழுதி வைப்பது பெயரைப் போட்டுக் கடிதம் எழுதுவதற்குச் சமம்.

மற்றொரு முறையில் பதவியை மட்டும் எழுதுகிறார்கள். "இந்தக் கணிப்பொறியில் புரோகிராம்களை வைக்கும் இடம்", "எல்லோருக்கும் பொதுவான கணக்கு வைக்கும் இடம்" என்று சொல்லிவிட்டு, அந்த இடம் எது என்பதைக் கணிப்பொறியே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். இடத்திற்கு ஏற்ப மதிப்பு மாறுவதால் இதற்கு மாறி என்று பெயர்.

புரோகிராமைக் கணிப்பொறியில் ஏற்றும் செட்டப் தொகுப்பைத் தயாரிக்கப் பல கருவிகள் உள்ளன. 1997-இல் ஜோர்டன் ரஸ்ஸல் என்பவர் வெளியிட்ட இன்னோ செட்டப் அவற்றுள் ஒன்று. அதில் மாறிகளை வளைந்த அடைப்புக்குள் எழுதுவார்கள். நல்சாஃப்ட் நிறுவனத்திலிருந்து வந்த என்எஸ்ஐஎஸ் என்ற கருவியில் முன்னால் டாலர் குறி போடுவார்கள். மைக்ரோசாஃப்டின் வின்டோஸ் இன்ஸ்டாலரில் சதுர அடைப்பு. வின்டோஸுக்குள் நேரடியாக எழுதும்போது இருபுறமும் விழுக்காட்டுக் குறி. குறிகள்தாம் வேறு, செய்கிற வேலை ஒன்றுதான்.

எழுதிய விலாசம் ஏன் பொய்யாகிறது?

"என் கணிப்பொறியில் சி டிரைவ்தானே, அது எங்கே மாறப்போகிறது?" என்று கேட்கலாம். மாறுவதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வின்டோஸ் மாறும்போது விலாசமும் மாறுகிறது. வின்டோஸ் எக்ஸ்பியில் ஒவ்வொருவரின் ஃபைல்களும் "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்ற ஃபோல்டரில் இருந்தன. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் அது "யூசர்ஸ்" என்று மாறிவிட்டது.

இரண்டாவது, 32 பிட், 64 பிட் வேறுபாடு. பழைய 32 பிட் வின்டோஸில் எல்லாப் புரோகிராம்களும் "புரோகிராம் ஃபைல்ஸ்" என்ற ஒரே ஃபோல்டருக்குள் போகும். 64 பிட் வின்டோஸில் 32 பிட் புரோகிராம்களுக்கென்று "புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)" என்று தனி ஃபோல்டர் உண்டு. வின்டோஸ் 11 முழுவதும் 64 பிட்தான். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். செட்டப் தயாரித்தவர் மாறியைச் சரியாகவே பயன்படுத்தியிருப்பார். ஆகவே புரோகிராம் புதிய ஃபோல்டரில் ஒழுங்காகப் போய் உட்காரும். ஆனால் புரோகிராமுக்குள் இருக்கும் அமைப்பு ஃபைலில் பழைய பாதை எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருக்கும். கடை புது இடத்திற்குப் போய்விட்டது, லாரிக்காரரிடம் உள்ள சீட்டில் பழைய விலாசம் என்ற கதைதான். மாறியைப் பாதி இடத்தில் மட்டும் பயன்படுத்தினால் பலன் இல்லை.

மூன்றாவது, பயனாளர் பெயர். புரோகிராம் எழுதியவர் தம் கணிப்பொறியில் "அட்மின்" என்ற பெயரில் வேலை செய்திருப்பார். நம் கணிப்பொறியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றால் அந்தப் பாதையும் இல்லை. பயனாளர் பெயரைத் தமிழில் வைத்துவிட்டால், ஆங்கில எழுத்தை மட்டுமே அறிந்த சில பழைய புரோகிராம்கள் அந்தப் பாதையைப் படிக்கவே முடியாமல் நின்றுவிடும்.

நான்காவது, டிரைவின் எழுத்து. பழைய கணிப்பொறியில் டி டிரைவ் இருந்திருக்கும், புதியதில் சி மட்டும் இருக்கும். இன்று ஈ என்று வந்த பென் டிரைவ் நாளை எஃப் என்று வரும். ஈ டிரைவில் நகல் எடு என்று எழுதி வைத்த புரோகிராம் அன்று நகல் எடுக்காது. அதைத் திரையில் சொல்லவும் சொல்லாது என்றால் ஆபத்து இரட்டிப்பாகும்.

இத்தோடு ஒன்டிரைவ் வந்து சேர்ந்திருக்கிறது. புதிய கணிப்பொறிகளில் "டாக்குமென்ட்ஸ்" ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிடும் வசதி இருக்கிறது. வாங்கிய முதல் நாளில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்திக்கொண்டு போனால் அந்த ஃபோல்டரின் உண்மையான விலாசமே மாறியிருக்கும். பதவியைக் கேட்டுச் செல்லும் புரோகிராமுக்கு இதனால் தொல்லையில்லை. பழைய பாதையை எழுதி வைத்ததுதான் திண்டாடும்.

எதற்கு எந்த இடம்?

மாறியைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பொருளுக்கு எந்த மாறி என்பது முக்கியம். நம் கடையில் தராசு ஒரு இடத்தில், கல்லாப்பெட்டி ஒரு இடத்தில், காலிச் சாக்கு ஒரு இடத்தில் இருப்பது போலவே இதுவும்.

1. புரோகிராம் ஃபைல்ஸ்: புரோகிராம் மட்டும் இருக்க வேண்டிய இடம். இங்கே கணக்கு எழுதக் கூடாது.

2. புரோகிராம் டேட்டா: அந்தக் கணிப்பொறியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவான தகவல் வைக்கும் இடம். ஒரே கணிப்பொறியில் பில் போடும் கடைக்கு இதுவே ஏற்றது. இந்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே சி டிரைவைத் திறந்து தெரிந்ததையெல்லாம் நகல் எடுத்தேன் என்பவரின் நகலில் இது விட்டுப்போயிருக்கலாம். மேலும் ஒருவர் உண்டாக்கிய ஃபைலில் இன்னொரு சாதாரணப் பயனாளர் எழுத இங்கே இயல்பாக அனுமதி இல்லை. கடை ஆட்கள் அனைவரும் எழுதும்படி கணக்கு ஃபோல்டருக்கு அனுமதி தருவது செட்டப் தயாரிப்பவரின் கடமை.

3. ஆப் டேட்டா: ஒவ்வொரு பயனாளருக்கும் தனித்தனியான இடம். திரையின் நிறம், எழுத்தின் அளவு போன்ற சொந்த விருப்பங்களுக்கு ஏற்றது. கடையின் பொதுக் கணக்குக்கு ஏற்றதன்று.

4. டெம்ப்: தற்காலிக இடம். கடைவாசலில் இறக்கி வைத்த மூட்டை போல. துப்புரவு செய்யும்போது இங்குள்ளவை போய்விடும். கணக்கை இங்கே வைப்பது தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி, 1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பாரத் கோயங்காவும் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. அதில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே தகவல் இருக்கும் பாதையைப் பார்க்கவும் மாற்றவும் முடியும். ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் எண்ணால் பெயரிட்ட தனி ஃபோல்டரில் இருக்கும். பாதை ஒரு அமைப்பு ஃபைலில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உள்ளூரில் சொல்லி எழுதி வாங்கும் புரோகிராமிலும் இந்த வசதியைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

முதலாளி பார்க்கும் கணக்கும் கல்லாவில் இருப்பவர் பார்க்கும் கணக்கும்

இடம் தவறினால் மனிதர்களுக்குள் எப்படி வம்பு வரும் என்பதற்கு ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் பழைய 32 பிட் புரோகிராம் தன் கணக்கைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருப்பவர் தம் பெயரில் கணிப்பொறிக்குள் நுழைந்து காலை முதல் 60 பில் போடுகிறார். இரவு முதலாளி தம் பெயரில் நுழைந்து பார்க்கிறார். ஒரு பில்லும் இல்லை. கல்லாவில் பணம் சரியாக இருக்கிறது, பில்தான் இல்லை. சந்தேகம் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். விஸ்டா முதற்கொண்டு சாதாரணப் பயனாளர்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத வின்டோஸ் அனுமதிப்பதில்லை. பழைய புரோகிராம்கள் திடீரென்று நின்றுபோகக் கூடாதே என்பதற்காக, எழுத வந்ததைச் சத்தமில்லாமல் திருப்பி, அந்தப் பயனாளரின் ஆப் டேட்டாவுக்குள் "விர்ச்சுவல் ஸ்டோர்" என்ற ஃபோல்டரில் எழுதிவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது. கல்லாவில் இருப்பவர் நுழைந்தால் அவருடைய நகல், முதலாளி நுழைந்தால் வேறு நகல். ஒரே கடைக்கு இரண்டு பேரேடு உண்டாகிவிடும். இப்படி நேர்ந்தால் ஆள் மேல் ஐயப்படும் முன்பு, அவர் பெயரில் நுழைந்து அந்த ஃபோல்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு அங்கே பத்திரமாக இருக்கும்.

இரண்டு பில் கவுண்டர் உள்ள கடைகளுக்கு

மொத்த வியாபாரம் செய்வோரிடம் ஒரு கணிப்பொறி கடையிலும் ஒன்று குடோனிலும் இருக்கும். கணக்கு ஒரு கணிப்பொறியில் இருக்க, மற்றது வலை வழியாக அதைப் படிக்கும். அதற்கு இசட் டிரைவ் என்று ஒரு எழுத்தைச் சூட்டிவிட்டுப் போவது சிலரின் வழக்கம். அந்த எழுத்து அதைச் சூட்டிய பயனாளருக்கு மட்டுமே உரியது. வேறொருவர் பெயரில் நுழைந்தால் இசட் என்று ஒன்று இருக்காது. ஆகவே முதன்மைக் கணிப்பொறியின் பெயரையும் பகிர்ந்த ஃபோல்டரின் பெயரையும் கொண்டு பாதையை எழுதுவது நல்லது. அந்தப் பெயரையும் புரோகிராமுக்குள் பதிக்காமல் அமைப்புத் திரையில் நாமே மாற்றும்படி வைத்தால், முதன்மைக் கணிப்பொறி மாறும் நாளில் ஒரு வரியை மாற்றினால் வேலை முடியும்.

இடைவெளியும் காலியும்

மாறியைப் பயன்படுத்தினாலும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். இவற்றில் உலகப் பெரும் நிறுவனங்களே இடறியிருக்கின்றன.

லாரி சீட்டில் "சேத்தியாத்தோப்பு குறுக்குரோடு" என்று எழுதியிருக்கிறது. இறக்குபவர் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு ஊருக்குள்ளேயே சரக்கை இறக்கிவிட்டால்? கணிப்பொறி அப்படித்தான் செய்யும். பாதைக்குள் இடைவெளி இருந்தால் அதுவரை ஒரு விலாசம், அதற்குப் பின் இன்னொரு விலாசம் என்று எடுத்துக்கொள்ளும். முழுப் பாதையையும் மேற்கோள் குறிக்குள் அடைத்தால்தான் ஒன்றாகப் படிக்கும். 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேகின்டோஷ் கணிப்பொறிகளுக்கு வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0-இன் செட்டப்பில், பழைய பதிப்பை நீக்கும் வரியில் மாறியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை. பெயரில் இடைவெளி இருந்த டிஸ்க்குகள் கொண்ட சிலருக்கு, நீக்க வேண்டியதோடு டிஸ்க்கில் இருந்தவையும் அழிந்தன. ஆப்பிள் அதை விலக்கிக்கொண்டு 2.0.1 பதிப்பை வெளியிட்டது. நம் வின்டோஸில் "புரோகிராம் ஃபைல்ஸ்" என்ற பெயரிலேயே இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது காலி. மாறிக்குள் ஒன்றும் இல்லாமல் போனால் என்ன ஆகும்? "இந்த ஃபோல்டருக்குள் உள்ள அனைத்தையும் அழி" என்ற கட்டளையில் ஃபோல்டரின் பெயர் காலியானால், "அனைத்தையும் அழி" என்பதே மிஞ்சும். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற விளையாட்டுப் புரோகிராமின் லினக்ஸ் பதிப்பில் 2015 ஜனவரியில் வெளிப்பட்ட பிழை இதுதான். ஒருவருக்கு அவருடைய சொந்த ஃபைல்கள் போனதோடு, நகலுக்காக இணைத்து வைத்திருந்த வெளி டிஸ்க்கும் துடைக்கப்பட்டது. இதிலிருந்து வணிகர்கள் கற்க வேண்டியது ஒன்று: நகல் எடுத்த டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

புரோகிராமை நீக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. செட்டப் ஓடும்போது "எங்கே நிறுவட்டும்?" என்று கேட்டதற்கு நாம் டி டிரைவையே காட்டியிருந்தால், நீக்கும் கட்டளை டி டிரைவில் உள்ள அனைத்தையும் நீக்கப் புறப்படும். இப்படி முழு ஃபோல்டரையும் கண்மூடி நீக்குவது பாதுகாப்பற்றது என்று என்எஸ்ஐஎஸ் கையேடே எச்சரிக்கிறது. தான் வைத்த ஃபைல்களை மட்டும் பெயர் சொல்லி நீக்குவதும், கணக்கு ஃபோல்டரைத் தொடாமல் விடுவதும் நல்ல செட்டப்பின் இலக்கணம்.

சட்டமும் கேட்கிறது

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்குகளை ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கணிப்பொறிக் கணக்குகளுக்கு முறையான நகல் இருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்திற்குள் மீட்க முடிய வேண்டும் என்று விதி 57 கூறுகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2015-இல் பெருவெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்து வணிகர்களுக்கு இந்த விதியின் பொருளை விளக்கத் தேவையில்லை. 72 மாதங்களுக்குள் ஒரு கணிப்பொறியாவது மாறும். பழைய நகலைப் புதிய கணிப்பொறியில் வைத்துத் திறக்க முடிந்தால்தான் அது நகல்.

புரோகிராம் எழுதித் தருபவரிடம் கேட்க வேண்டியவை

1. புரோகிராம், கணக்கு, நகல் மூன்றும் தனித்தனி இடத்தில் இருக்கின்றனவா?

2. எங்காவது பாதை எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லா இடத்திலும் மாறிதானா? அமைப்பு ஃபைலிலும் ரிப்போர்ட் அச்சிடும் பகுதியிலும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கணக்கு இருக்கும் பாதையைத் திரையில் நாங்கள் பார்க்க முடியுமா? மாற்ற முடியுமா?

4. சாதாரணப் பயனாளர் பெயரில் நுழைந்து போட்ட பில், முதலாளி பெயரில் நுழைந்தால் தெரிகிறதா?

5. புரோகிராமை நீக்கினால் கணக்கு மிஞ்சுமா?

6. நகல் எடுக்க முடியாத நாளில் திரையில் எச்சரிக்கை வருமா?

பணம் கொடுக்கும் முன்பு ஒரு சோதனையும் செய்ய வேண்டும். டி டிரைவ் இல்லாத, பயனாளர் பெயர் வேறான இன்னொரு கணிப்பொறியில் செட்டப்பை ஓட்டி, நகலை மீட்டு, ஒரு பழைய வாடிக்கையாளரின் நிலுவையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொகை சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

வீட்டுப்பாடம்

இன்றிரவு கடை சாத்தும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வின்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் புரோகிராம்டேட்டா என்பதை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதி, இருபுறமும் விழுக்காட்டுக் குறி இட்டு என்டர் அழுத்துங்கள். மறைந்திருந்த ஃபோல்டர் திறக்கும். மாறி வேலை செய்வதை நீங்களே கண்ணால் கண்டதாயிற்று. உங்கள் புரோகிராமின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தந்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பாதையை ஒரு தாளில் எழுதி, பேரேடு இருந்த அதே அலமாரியில் ஒட்டி வையுங்கள்.